பிச்சாவரம் போவது எப்படி?

பிச்சாவரத்துக்கு எப்படிப் போவது என்பதை இந்தக் கட்டுரையில் ஐயம் திரிபறச் சொல்லிவிடப் போகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடித்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டாலும் ஆட்சேபணை இல்லை. இனிமேல் ஒருவரும் எனக்குப் போன் செய்யக் கூடாது. எழுதுவதன் நோக்கம் அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பால்காரர் வருவதற்கு முன்பே போன் வந்துவிட்டது. மனைவி வழி மச்சான். "மாப்ள, திண்டிவனம் தாண்டிட்டோம். பிச்சாவரத்துக்கு எப்படி வரணும்?" பின்னால் ஒரு பெண் குரல், இன்னும் எண்ணூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டியில் ஒரு மேப் ஓடுகிறது. பின் ஸீட்டில் மகள் இன்னொரு மேப் வைத்திருக்கிறாள். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் மச்சான் ஒருவருக்காக ராப்பகலாக உழைக்கின்றன. அது போதவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். "அந்தப் பொம்பள என்னமோ சொல்லுது மாப்ள. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். புதுச்சேரி, கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பிறகு பி.முட்லூர். "முட்லூர் வந்ததும் ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க."

"டி.முட்லூரா?"

"பி. பாம்பேல வர்ற பி."

"சி.முட்லூர்னு ஒண்ணு காட்டுதே?"

"அதுவும் இருக்கு. அது வேற."

"அப்ப ஏ.முட்லூர் எங்க இருக்கு?"

விடியற்காலையில் ஒரு மனிதனைக் கேட்கிற கேள்வியா இது?

கடலூரில் குடியிருக்கிறவன் பிச்சாவரத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சென்னையில் எல்லோரும் நினைக்கிறார்கள். கடலூரிலிருந்து சிதம்பரமே 45 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் இன்னும் 15 கிலோமீட்டர். ரயிலில் வருகிறவர்கள் பாடு இன்னும் விசேஷம். "கடலூர்னு ஒரு ஸ்டேஷனே இல்லையே?" என்று டிக்கெட் போடும்போது கேட்பார்கள். இல்லைதான். ஒன்று திருப்பாதிரிப்புலியூர், இன்னொன்று கடலூர் துறைமுகம் சந்திப்பு. முதலாவது பெயரைத் திணறாமல் சொல்ல முடிகிற வெளியூர்க்காரரை நான் சந்தித்ததில்லை. பஸ்காரர்களுக்கோ ஊரே இரண்டு: என்.டி., ஓ.டி. புதுநகர், முதுநகர் என்று சொன்னால் கண்டக்டரே ஒரு கணம் யோசிப்பார். "ஓ.டி.யில இறங்கணுமா, என்.டி.யிலயா?" என்று கேட்கிறவர்களிடம், பிச்சாவரம் போக வேண்டியவர் இந்த இரண்டிலும் இறங்க வேண்டியதே இல்லை, சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுங்கள் என்று சொன்னால், நான் வீட்டுக்கு அழைக்காமல் தட்டிக்கழிப்பதாக அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். சில பேர் விஷயத்தில் அது சரியான அர்த்தம்தான்.

வழிக்கு வருவோம்.

மச்சானை மட்டும் சொல்லி என்ன பயன்? மேப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் காரின் கண்ணாடியை இறக்கி நாலு பேரைக் கேட்காவிட்டால் நம்மில் யாருக்கும் ஊர் போய்ச் சேர்ந்த திருப்தி கிடையாது. இறக்கி யாரைக் கேட்கிறோம்? ரோட்டோரம் பத்துப் பேர் நின்றால், அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பதினோராவது ஆளை. அது என்ன ராசியோ, நம் கண் அவர்மேல்தான் போய் விழும். அவர் பாவம், விருத்தாசலத்திலிருந்து பத்திரிகை வைக்க வந்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறவர். ஆனாலும் "தெரியாது" என்று சொல்ல மாட்டார். வழி தெரியாது என்று தமிழன் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஒரு விநாடி வானத்தைப் பார்ப்பார். மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொள்வார். "நேரா போங்க" என்பார்.

நேரா! இந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை குடும்பங்கள் வயல்வெளியில் நின்றிருக்கின்றன! நம் ஊர் 'நேரா'வில் மூன்று வளைவும், ஒரு ரவுண்டானாவும், ரயில்வே கேட்டும், சில சமயம் ஆறும் அடக்கம். "நேரா போயி, ரைட்ல திரும்பி, அப்படியே நேரா போயி, லெப்ட் எடுத்து, நேரா போயிக்கிட்டே இருங்க" என்று ஒருவர் சொன்னபோது, எதிரில் நாங்கள் பார்த்தது ஒரு மாட்டுக் கொட்டகையின் சுவர்.

தூரமும் அப்படித்தான். சைக்கிளில் வருகிறவர் "கிட்டத்தான்" என்பார். பைக்கில் வருகிறவரும் "கிட்டத்தான்" என்பார். புல்லுக்கட்டோடு நடந்து வருகிற ஆயா "இந்தா, கூப்பிடு தூரம்" என்பார். கூப்பிடுவது யார் என்பதைச் சொல்ல மாட்டார். பத்து நிமிஷம் வண்டி ஓட்டிய பிறகு அடுத்த ஆளைக் கேட்டால், "அடடா, தாண்டி வந்துட்டீங்களே" என்பார். இடைப்பட்ட ஒரு புள்ளியில், "இதோ வந்துவிட்டது" என்று சொல்கிற ஒருவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஜில்லாவில் கிட்டத்துக்கும் தாண்டிவந்ததற்கும் நடுவில் இடமே கிடையாது.

அடுத்தது கை. "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்பார். அவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவர் சோத்தாங்கை இருக்கும் பக்கம் நம் பீச்சாங்கை இருக்கிறது. யார் கை கணக்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். பாதிப் பேருக்கு வாய் "ரைட்டு" என்னும்போது கை இடது பக்கம் நீளும். இதற்கு என் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார்: "வாயை விட்டுடு, கையை நம்பு." அந்தச் சட்டத்தால் நாங்கள் பல ஊர்களுக்குச் சரியாகப் போயிருக்கிறோம். ஒரு தடவை கையில் சுண்ணாம்பு இருந்ததால் ஒருவர் முகவாயால் காட்டினார். சட்டத்தில் அதற்கு ஷரத்து இல்லை.

கிள்ளைப் பக்கம் பெரியவர்கள் இந்தக் கைச் சண்டைக்கே வருவதில்லை. "கெழக்கால போயி, வாய்க்காலத் தாண்டி, தெக்கால ஒடி" என்பார்கள். வழி சொல்வதென்றால் இதுதான் வழி சொல்வது. கடல் கிழக்கே இருக்கிறது. அது 'நேரா'வும் இல்லை, கைக்குக் கை மாறுவதும் இல்லை. ஆனால் கேட்கிறவர் வேளச்சேரிக்காரர். கிழக்கு என்பது அவருக்கு மனை விளம்பரத்தில் வருகிற ஒரு சலுகை. உச்சி வெயிலில் கிழக்கு எது என்று தெரியாமல் மனைவி முகத்தைப் பார்ப்பார். அந்த அம்மாள் போனைப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மேல், அடையாளம். எங்கள் மாவட்டத்தில் அடையாளம் சொல்வது தனிக் கலை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கரையேறியதே, அதில் பண்ருட்டிப் பலா போயிற்று, முந்திரி போயிற்று, ஊர் ஊருக்கு நின்ற பெரிய மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது. மரங்கள்தான் போயின, அடையாளங்கள் அப்படியே நிற்கின்றன. "ஒரு பெரிய புளியமரம் இருந்துச்சு பாருங்க, அதுகிட்ட லெப்ட்ல திரும்புங்க." இருந்துச்சு! வந்து இறங்கிய ஆள் விழுந்த மரத்தை எங்கே போய்ப் பார்ப்பது? சினிமாக் கொட்டகை இருந்த இடம், சாராயக்கடை இருந்த இடம், பழைய தாலுகா ஆபீஸ் இருந்த இடம். எங்கள் ஊரில் வழி கண்டுபிடிக்க வேண்டுமானால் மேப்பை விடத் தொல்லியல் துறை அதிகம் உதவும்.

இன்னும் முடியவில்லை. முதல் ஆள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் டீ கிளாஸோடு வருவார். "எங்க போவணுமாம்?" என்று நம்மைக் கேட்காமல் அவரைக் கேட்பார். "பிச்சாவரமா? அதுக்கு ஏன் இப்படிப் போறாங்க?" மூன்றாவது ஆள், அந்த வழியில் ரோட்டைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள் என்பார். "அது போன மாசமே போட்டாச்சு." "எங்க போட்டாங்க? ஜல்லிதான் கொட்டியிருக்கு." விவாதம் ஜல்லியிலிருந்து காண்டிராக்டருக்குப் போய், காண்டிராக்டரின் மைத்துனருக்குப் போய், கட்சியில் போய் நிற்கும். நாம் மெல்லக் கண்ணாடியை ஏற்றப் பார்க்கும்போது நாலாவது ஆள் பின் கதவைத் திறந்துவிடுவார். "நானும் அந்தப் பக்கந்தான். ஏறிக்கறேன், வழி காட்டுறேன்." ஏறி, ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி, ஐந்தாறு தெரு சுற்றி, ஒரு ஓட்டு வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்வார். அது அவர் வீடு. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து சொல்வார்: "இப்படியே திரும்பி, வந்த வழியா நேரா போங்க."

நான் மட்டும் யோக்கியமா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வெளியூர் நம்பர் வண்டி ஒன்று வேகம் குறைத்தால் எனக்குக் கை பரபரக்கும். அவர்கள் கடை பெயரைப் படிக்கத்தான் குறைத்திருப்பார்கள். நான் எழுந்து போய், "எங்க போகணும் சார்?" என்பேன். என் மனைவி அப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பாள். இந்த வியாதி இரண்டு பக்கமும் இருப்பதால்தான் தேசம் ஓடுகிறது. கேட்காமல் இருக்க அவர்களால் முடியாது. சொல்லாமல் இருக்க நம்மால் முடியாது.

சரி, பிச்சாவரம்.

"உலகத்துலயே ரெண்டாவது பெரிய மாங்குரோவ் காடு, தெரியுமா?" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கம் ஆட்டோக்காரர் முதல் தமிழாசிரியர் வரை இதைச் சொல்லாதவர் கிடையாது. பிச்சாவரம் மொத்தம் 1,100 ஹெக்டேர் சுமார். பதினோரு சதுர கிலோமீட்டர். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் பொதுவாகக் கிடக்கிற சுந்தரவனம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். ஒடிசாவில் பித்தர்கனிகா இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன், தமிழ்நாட்டுக்குள்ளேயே முத்துப்பேட்டை நம்மைவிடப் பெரிது. இதை நான் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லப்போக, பக்கத்து இலை பெரியவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, "சொந்த ஊரை விட்டுக் குடுக்கறியேப்பா" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பாயசம் வரவில்லை. நாம் எதிலும் முதல் இடம் கேட்பதில்லை. அவ்வளவு பேராசை கிடையாது. இரண்டாவது இடம்தான் கேட்போம். மெரினாவுக்கு இரண்டாவது இடம், பிச்சாவரத்துக்கு இரண்டாவது இடம். முதலிடம் என்றால் யாராவது சரிபார்ப்பார்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர்களுக்குப் பிச்சாவரம் என்றால் 1975-இல் வந்த 'இதயக்கனி'. படப்பிடிப்பு நடந்தபோது கரையில் நின்றவர்கள், படகு தள்ளியவர்கள், எம்.ஜி.ஆருக்கு இளநீர் வெட்டியவர்கள் என்று நான் சந்தித்தவர்களை எல்லாம் கூட்டினால், அந்தச் சதுப்பு நிலம் அவர்களைத் தாங்கியிருக்காது. இளநீர் வெட்டியவர்கள் மட்டுமே ஒரு தோப்புக்கு ஆள் தேறுவார்கள்.

காட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழி கேட்டதற்கே அர்த்தமில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டும் கடலைத் தொடுகிற இடத்துக்கு நடுவில் தீவு தீவாக, வாய்க்கால் வாய்க்காலாக இருக்கிறது. 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். மச்சான் வகையறா சித்திரை வைகாசியில், உச்சி வெயிலில், பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பறவை எங்கே என்று கேட்பார்கள்.

சுரபுன்னை மரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிளையிலிருந்து பச்சையாக, முருங்கைக்காய் தடிமனில் ஒன்று தொங்கும். காய் என்று நினைப்பீர்கள். அது காயல்ல, கன்று. விதை மரத்திலேயே முளைத்து, தாயின் மேலேயே வளர்ந்து, நுனி கூராகி, நேரம் வந்ததும் விழுகிறது. தண்ணீர் வடிந்திருந்தால் சேற்றில் குத்திட்டு நிற்கும். ஏறியிருந்தால் மிதந்து போய், இடம் பார்த்து ஒதுங்கி, அங்கே வேர் பிடிக்கும். யாரையும் ஒரு வார்த்தை கேட்காது. வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றைப் பிளந்துகொண்டு விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நிற்பதையும் படகிலிருந்தே பார்க்கலாம். நடுநடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும்.

தில்லை மரமும் உண்டு. சிதம்பரம் கோயிலுக்குத் தலமரம் அது; ஊருக்கே தில்லை என்றுதான் பெயர். கோயிலுக்கு வந்து மரம் எங்கே என்று கேட்கிற பக்தர்களைப் பிச்சாவரத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே போன என் அத்தை ஒருத்தி, தலமரமாயிற்றே என்று ஒரு கொத்து ஒடித்துத் தலையில் செருகிக்கொள்ளப் போனார். படகுக்காரர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. தில்லைப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். "சாமி மரத்துல விஷம் இருக்குமா?" என்று அத்தை இன்றுவரை நம்பவில்லை.

இந்தக் காடு ஒரு காலத்தில் பாதி மொட்டையாகக் கிடந்தது. பல பத்தாண்டுகள் கூப்பு போட்டு வெட்டியதில் தரை காய்ந்து உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. அலையோடு ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்புப் பூத்து, எதை நட்டாலும் செத்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் வழி கிடைத்தது, கன்று பிழைத்தது. இந்த மாவட்டத்தில் யாரோ யாருக்கோ சரியாக வழி சொன்னதற்கு நான் அறிந்த ஒரே அத்தாட்சி இது. சொன்னது தண்ணீருக்கு. தண்ணீர் இரண்டாவது ஆளைக் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் கடல் எழுந்து வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாக அடிபட்டன. "அங்க பார்க்கறதுக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும். சொன்னால், "கேன்டீன் இருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும்.

மச்சான் அன்று பி.முட்லூரில் நிறுத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இட்லியை ஆறவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானாகக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. சாயங்காலம் அவரே பேசினார். அந்தப் பொம்பள சொன்ன வழியிலேயே போய்விட்டார்களாம். "எல்லாம் கரெக்டா சொல்லுது மாப்ள." காடு எப்படி இருந்தது என்று கேட்டேன். "என்ன இருக்கு? ஒரே மரமா இருக்கு." திரும்புகிற வழியில் கடலூர் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். நேரமாகிவிட்டதாம். கொத்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், சிதம்பரத்தில்.

நேற்று குடும்ப வாட்ஸாப் குழுவில் மச்சான் ஒரு செய்தி போட்டிருக்கிறார். தலைப்பு: 'பிச்சாவரம் செல்பவர்கள் கவனத்திற்கு'. சென்னையிலிருந்து ஊர் ஊராக வழி, நடுநடுவே கார் படம், அம்பு படம், முடிவில் 'உலகின் இரண்டாவது பெரிய காடு'. அதற்குக் கீழே கும்பிடு போட்டுக் குவித்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் தொண்டை வறளச் சொன்ன வழிக்கு ஒரு கும்பிடு வந்ததில்லை. என் மனைவியே கட்டைவிரல் தூக்கியிருக்கிறாள்.

பி.முட்லூர் என்று இருக்க வேண்டிய இடத்தில் டி.முட்லூர் என்று போட்டிருக்கிறார். நான் திருத்தப் போவதில்லை.